சப்பிளாக இருக்கச் சொன்னவர்

ராயபுரம்,
ஆகஸ்ட் 1953

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

எங்கள் தோல் கிடங்கு மானேஜருக்கு ‘சப்பிள்’ என்ற ஆங்கிலச் சொல்மேல் மோகம். மிருதுவாக, முறியாமல் வளைவது என்று பொருள். பதனிட்ட தோலை மடித்துப் பார்த்து, விரிசல் விழாவிட்டால் ‘சப்பிள்’ என்று சொல்லிக் கப்பலுக்கு அனுப்புவார். நாட்டியக்காரியின் விரலுக்கும் விசாலமான மனத்துக்கும் அகராதி தரும் சொல்லை, இவர் தலையாட்டும் குமாஸ்தாக்களுக்குத் தருகிறார்.

தோல் அடுக்கும் பச்சையம்மா, பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டாள், மானேஜர் அவளை வேலையைவிட்டே விரட்டிவிட்டார். அவள் தானாகவே நின்றுவிட்டதாக, விசாரிக்க வந்த லேபர் ஆபீசரிடம் எங்களைச் சொல்லச் சொன்னார். குமாஸ்தாக்கள் சொன்னார்கள்.

“நீயும் கொஞ்சம் சப்பிளா இரும்மா” என்றார் என்னிடம்.

“ஆடுகூடச் செத்த பிறகுதான் சார் அப்படி வளையுது” என்றேன். ஆபீசரிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

“இன்னாம்மா நீ! எனுக்கு வேல வாங்கிக் குட்த்துட்டு உன் வேலைக்கு உல வெச்சிக்கினியே!” என்று பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சும்மா பயப்படுகிறாள்.

என் டைப்பிங் சர்ட்டிபிகேட்டை அனுப்புங்கள். நீங்கள் படித்து முடித்த பத்திரிகைகளையும் அனுப்புங்கள். ஓரத்தில் திட்டி எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம். இங்கே அப்படிப் பேச யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலை விடுதிக்கே எழுதுங்கள். ஆபீஸ் விலாசம் வேண்டாம்.

உங்கள் மகள்,
சுகந்தி