வாசலில் யார் நிற்பது

சிகாகோ,
அக்டோபர் 14, 2019

என் செல்ல மகன் ரஷானுக்கு,

அம்மா நலம். முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சிறைச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் நிறையக் குடி.

ஒரு செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. நான் கஞ்சாக் கடை வைக்கப் போகிறேன். சிரிக்காதே. ஜனவரியிலிருந்து இந்த மாநிலத்தில் ரொட்டி விற்கிற மாதிரி அதை விற்கலாம். அதிலும் கஞ்சா வழக்கில் உள்ளே போனவர்களின் குடும்பத்துக்கு லைசென்ஸில் முன்னுரிமையாம். ஏழு வருஷமாக எதற்காக நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்களோ, அதற்கே இப்போது மார்க் போடுகிறார்கள்! சர்ச்சில் வெல்மா, "ஏண்டி எர்லீன், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். "புத்தியோட இருந்தப்ப மட்டும் என்னத்தைக் கண்டேன்?" என்றேன்.

அதற்குத் தொழில் திட்டம் என்று ஒன்று எழுதித் தர வேண்டும். யாருக்கு விற்பது, எப்படிப் பூட்டுவது, வாசலில் யார் நிற்பது, எல்லாம். பள்ளிக்கூடச் சமையலறையை அத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு ஒரு கடையை ஓட்டத் தெரியாதா? அந்தப் பள்ளிக்கூடத்து முனையில் இருந்த முடிவெட்டும் கடை காலியாக இருக்கிறது. அதைப் பேசிவிட்டேன்.

நீ மார்ச்சில் வெளியே வருகிறாய். ஜெயிலுக்குப் போனவனுக்கு இங்கே எவன் வேலை தருகிறான்? அதற்குத்தான் இவ்வளவும். உன் வழக்கைக் காட்டி விண்ணப்பிக்க உன் கையெழுத்து வேண்டும். திட்டத்தையும் சம்மதத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

செத்துப்போன அப்பாவின் கறுப்புக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள் வெல்மா. எனக்கு மனசு வரவில்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா


அக்டோபர் 27, 2019

அன்புள்ள அம்மா,

"வருகிறவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகே பொருள் தரப்படும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அதை மாற்றாதே.

காவல் பற்றிய பக்கம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஹேகர்ட்டி வாசலில் நின்று, வருகிறவர்களைச் சோதிப்பார்." அந்தப் பெயரை எழுத உனக்கு எப்படியம்மா கை வந்தது?

வேலை முடிந்து வரும் உன்னைக் கூட்டிப்போகத்தான் அன்றைக்கு அந்த முனையில் நின்றேன். பையில் சரக்கு இருந்தது என் தப்பு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து டேப் பிடித்து அளந்து, "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல நிக்கிறியே தம்பி, தண்டனை ரெட்டிப்பு" என்று சிரித்தவன் அவன்.

பார்க்க வராதே என்று நான் ஏன் சொன்னேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இப்போது சொல்கிறேன். கடைசியாக நீ வந்தபோது கையைத் தூக்கச் சொல்லி உன்னைத் தடவிச் சோதித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது அதே மாதிரி ஒரு வாசலை நீயே கட்டுகிறாய்.

அவன் அங்கே நிற்கும்வரை என் கையெழுத்து கிடையாது.

ரஷான்


சிகாகோ,
நவம்பர் 8, 2019

ரஷானுக்கு,

கோபப்பட உனக்கு மட்டும்தான் தெரியுமா?

ஹேகர்ட்டியைப் பிடித்துப்போய் நான் சேர்க்கவில்லை. எனக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கும் பையன், "போலீஸ்காரர் பேரு இருந்தா மார்க் ஏறும்மா. இல்லைன்னா காவல் பக்கத்துக்குச் சைபர்தான்" என்றான். எத்தனை பேரிடம் கேட்டேன் தெரியுமா? இந்தத் தெருவுக்கு வர ஒத்துக்கொண்டது இவன் ஒருத்தன்தான்.

நீ உள்ளே போன மறு வருஷமே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். என் வேலையும் அதோடு போயிற்று. பள்ளிக்கூடம் இல்லாததால் அங்கே கடை வைக்கலாமாம். நீ நின்றது குற்றம், நான் நிற்பது தொழில். இந்த அநியாயத்தை நானா உண்டாக்கினேன்? இதில் ஒரு ஓரமாக உனக்கு இடம் பிடிக்கப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடாவிட்டால் போ. வெளியே வந்து யார் கடையில் தரை துடைப்பாய் என்று நானும் பார்க்கிறேன்.

அம்மா

குளிர் வந்துவிட்டது. கம்பளிக் காலுறை வாங்க உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன்.


சிகாகோ,
டிசம்பர் 2, 2019

என் மகனுக்கு,

நீ பதில் போடவில்லை. கையெழுத்துக் கேட்டு இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஹேகர்ட்டி நேற்று ஒப்பந்தம் போட வந்தான். காப்பி கொடுத்தேன், பீச் பழப் பணியாரமும் வைத்தேன். அவன் பேனாவைத் திறந்தபோதுதான் கேட்டேன்.

"என் மகனை ஞாபகம் இருக்கா?"

"யாரும்மா உங்க மகன்?"

"ரஷான். இந்த முனையிலதான் டேப் வச்சு அளந்தீங்க."

"அப்ப எத்தனையோ பேருக்கு அளந்தோம்மா. யாருன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

அவன் பொய் சொல்லவில்லையடா. நிஜமாகவே மறந்துவிட்டான். என் வயிற்றில் ஏழு வருஷமாக எரிகிற நெருப்பு, அவனுக்கு நினைவில்கூட இல்லை. இன்னொரு துண்டு பணியாரம் கேட்டான். தட்டை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டு, "கிளம்புங்க" என்றேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதியது இது: "வாசலில் நிற்பவர், என் மகன் ரஷான். வயதுக்கான அட்டையை மட்டும் பார்ப்பான். யாரையும் கையைத் தூக்கச் சொல்ல மாட்டான்." படித்துவிட்டு அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். மார்க் போனால் போகட்டும்.

புது வருஷம் பிறந்ததும் கெடு முடிகிறது. உன் கையெழுத்து வராவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான். உன்னை வற்புறுத்த மாட்டேன். வாசலில் நிற்க யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா


டிசம்பர் 11, 2019

அன்புள்ள அம்மா,

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

திட்டத்தில் ஒரே ஒரு திருத்தம். கடை இரவு ஒன்பது வரை என்று எழுதியிருக்கிறாய். அதை ஏழு ஆக்கு. உன் முழங்கால் அவ்வளவு நேரம் தாங்காது.

அப்பாவின் கோட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே. வாசலில் நிற்கிறவனுக்கு நல்ல கோட்டு வேண்டாமா? நீ என்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. தோள் அகன்று நான் அப்பா அளவுக்கு வந்துவிட்டேன். நம்பிக்கை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்.

வாசலில் உன்னைக் கையைத் தூக்கச் சொல்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன் அம்மா. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

உன்,
ரஷான்