ஏரிக்குப் போகிறவர்களுக்கு

ஜூன் 23, செவ்வாய்

சுற்றுலாத் தகவல் அலுவலகத்தைத் திறந்ததும் முதல் கேள்வி: "ஏரி நிஜமாவே இவ்வளவு நீலமா, இல்ல போட்டோவுல செஞ்சதா?" அடுத்து வந்தவர் 10.07 பஸ்ஸுக்கு 10.08க்கு வந்தவர். பஸ்ஸைத் திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஊர்த் தலைவர் பல்ட்சர் விருந்தினர்களுக்குப் புதிய வழிகாட்டித் தாள் கேட்டிருந்தார். ஊரின் ஒரே ஓட்டலும் அவருடையதுதான். எழுதிக் கொடுத்தேன். "அன்பான விருந்தினர்களே, இயற்கை நம் அனைவரின் பொக்கிஷம்..." அவருக்குப் பிடித்துவிட்டது. திரும்ப வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. பதினான்கு வருடமாக இதே மேசை, இதே வாக்கியம்.

ஜூன் 27, சனி

மெங்கியாவின் கன்று செத்துப்போயிற்று.

ஏரிப் பாதை அவளுடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறது. யாரோ வேலிக்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தாயும் கன்றும் வெளியே வர, கன்று ஓடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. பிறந்து மூன்று வாரம்.

மத்தியானம் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். பூட்ஸெல்லாம் சேறு. பள்ளியில் ஒன்பது வருடம் நாங்கள் ஒரே வகுப்பு; ஆனால் இந்த அலுவலகத்துக்குள் அவள் வந்து நான் பார்த்ததில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். என் தாளில் ஒன்றை எடுத்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்க, துரி," என்றாள். போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

ஜூன் 28, ஞாயிறு

வேலிக்கதவில் பூட்டு.

ஜூன் 30, செவ்வாய்

பல்ட்சர் குதிக்கிறார். "அவ பூட்டினது கதவ இல்லய்யா, இந்த ஊர! ஏரி இல்லன்னா இங்க எவன் வருவான்? என் ரொட்டியப் பாக்கவா? மேலிடத்துக்கு எழுதிப் பூட்ட உடைச்சிட வேண்டியதுதான்."

"ஒரு வாரம் குடுங்க. நான் பேசிப் பாக்கறேன்."

என் வாயா இதைச் சொன்னது? என்ன பேசப் போகிறேன் அவளிடம்?

ஜூலை 2, வியாழன்

காலையிலேயே அலுவலகத்தைச் சாத்திவிட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். மெங்கியா தனியாக வேலி சரிசெய்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"பல்ட்சர் அனுப்பினாரா?"

"இல்ல. நானேதான்."

"சரி, அந்தக் கட்டையப் பிடி."

பிடித்தேன். பதினோரு மணி வரை பிடித்தேன். அவள் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. இருபத்திரண்டு பசுக்கள்; அவற்றுக்கு முதுகைக் காட்டியபடி, கழுத்து மணிச்சத்தத்தை வைத்தே எது எங்கே நிற்கிறது என்று சொல்கிறாள். கன்றை இழந்த பசு இரண்டு நாள் கதவருகே நின்று கத்தியதாம். "நானும் கூடவே நின்னேன்," என்றாள். அவ்வளவுதான்.

அப்போது ஒரு தம்பதி பூட்டிய கதவின் மேல் ஏறிக் குதித்து வந்தார்கள். கணவர் கையில் கயிற்றோடு ஒரு நாய். "எவ்வளவு அழகு!" என்று அந்த அம்மாள் ஒரு கன்றைத் தடவக் குனிந்தார். மேய்ந்துகொண்டிருந்த பசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பிறகு நடக்கத் தொடங்கின. பிறகு வேகமாக —

நான் கட்டையைப் பிடித்தபடியே நின்றேன். மெங்கியா ஓடவில்லை, நீளமாக எட்டு வைத்து நடந்தாள்.

"கயித்த விடுங்க! நாய விடுங்க!"

அந்த மனிதர் பயத்தில் நாயை மார்போடு தூக்கிக்கொண்டார். அதைவிட மோசமாக ஒன்றும் செய்திருக்க முடியாது. அவள் போய் நாயைப் பிடுங்கிக் கீழே விட்டாள். நாய் பறந்தது, பசுக்கள் அதன் பின்னால். அது வேலிக்கு அடியில் நுழைந்து தப்பிவிட்டது. மெங்கியா தடியைக் குறுக்கே நீட்டியபடி, இருவரையும் பின்பக்கமாகவே மெல்ல நடத்தி வெளியே கொண்டுவந்தாள்.

இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தேன். ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள்.

"பசுவுக்கு நாய்னா ஓநாய்தான்மா. கன்னுக்குட்டியக் காப்பாத்த வந்துச்சு. உங்க மேல அதுக்கு ஒண்ணும் கோவம் இல்ல. எனக்குத்தான் கொஞ்சம் இருக்கு. குடிங்க."

அந்த மனிதர் ஒரு வாய் குடித்தார். "எங்களுக்கு யாருமே இதச் சொல்லலையே," என்றார்.

அவர் சட்டைப் பையில் என் தாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பசு என்ற சொல்லே கிடையாது.

ஜூலை 3, வெள்ளி

பழையதைக் கிழித்தேன். நேற்று வேலி போட்டுக்கொண்டே அவள் பேசியதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதினேன், அவள் சொன்ன மாதிரியே:

"கதவ எப்படிப் பாத்தீங்களோ அப்படியே விட்டுட்டுப் போங்க. திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி. யோசிக்க வேண்டாம், அது என் வேலை."

"என் கன்னுக்குட்டி அழகுதான். உங்க குழந்தையும் அழகுதான். நான் கேக்காம வந்து தடவுறேனா?"

"பசுவ விட்டுச் சுத்திப் போங்க. நாயக் கயித்துல வைங்க. பசு துரத்தினா மட்டும் கயித்த விட்டுடுங்க. அதுக்கு நாலு கால், உங்களுக்கு ரெண்டு."

"உயரமா நிக்கிற புல்லு வெறும் புல்லு இல்ல, மாட்டோட குளிர்காலச் சாப்பாடு. சாப்பாட்டுத் தட்டு மேல நடக்காதீங்க."

"சீக்கிரம் கிளம்புங்க. மத்தியானத்துக்கு மேல இடி வரும். அது உங்க லீவப் பாக்காது."

"எதிர்ல வர்றவங்களுக்கு அலேக்ரா சொல்லுங்க, அது எங்க ஊர் வணக்கம். காசு கேக்க மாட்டோம்."

இவள் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை. பதினான்கு வருடம் நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன்?

ஜூலை 6, திங்கள்

பல்ட்சர் படித்தார். "இதப் படிச்சா விருந்தாளி வருவானா, ஓடுவானா?" குழந்தையைத் தடவும் வரியில் மட்டும் தன்னை மறந்து சிரித்துவிட்டார், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். பழையதையே போடச் சொன்னார்.

"அப்ப அதுல என் பேரு வேண்டாம்," என்றேன்.

அவர் என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்த்தார். "சரி. வியாழக்கிழமை ஊர்க் கூட்டத்துல வை. அங்க உனக்கு விழும்."

ஜூலை 9, வியாழன்

மெங்கியா கூட்டத்துக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது — அவளிடம் கேட்கவே இல்லை! அவள் பேச்சை அவளிடம் கேட்காமல் எடுத்து, ஊருக்கு முன்னால் வாசிக்கப்போகிறேன். வேறு வழியில்லை. வாசித்தேன். இடையிடையே சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. முடித்ததும் எழுந்து நின்றாள்.

"இதெல்லாம் நான் சொன்னதுதான். இவன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, அத அப்புறம் பேசிக்கறேன்." என்னை ஒரு பார்வை. "ஆனா இது பாதிதான். மீதி நமக்கு. வர்றவங்களுக்கு நாம முதல்ல அலேக்ரா சொல்றோமா? வழி தெரியாம நிக்கிறவன் மூஞ்சில, மணி பன்னெண்டு ஆச்சுன்னு கதவச் சாத்தறோம். பஸ்ஸ விட்டவனப் பாத்துச் சிரிக்கறோம். அந்த ரெண்டு பேரும் கெட்டவங்க இல்ல. தெரியாதவங்க. சொல்லாதது நாம."

காது சுட்டது எனக்கு.

புதிய தாளுக்குக் கைகள் உயர்ந்தன. கடைசியாக பல்ட்சரின் கையும்.

மெங்கியா வேலிக்கதவின் சாவியை என் முன்னால் வைத்தாள். "நீயே போய்த் திற. ஒரு வாரம் அங்க நின்னு வாயால சொல்லு. பேப்பர் அப்புறம்."

ஜூலை 18, சனி

ஒரு வாரம் நின்றேன். மூக்கு உரிந்துவிட்டது. ஒரு பெரியவர் கதவைச் சாத்திவிட்டுப் பத்தடி போய், சந்தேகத்தில் திரும்பி வந்து ஆட்டிப் பார்த்தார். ஓர் அம்மாள் தாளைக் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தார். பிறகு இருவரும் பசுக்களை விட்டு அரைவட்டம் போட்டு நடந்தார்கள். நான் வாய் திறக்கும் முன்பே இருபது பேராவது அலேக்ரா சொல்லியிருப்பார்கள். இவர்களை இத்தனை வருடம் தலைகளாகத்தான் எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

தாள் தீர்ந்துவிட்டதென்று மெங்கியாவே இறங்கி வந்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டாள்.

அக்டோபர் 11, ஞாயிறு

உச்சியில் முதல் பனி. மாடுகள் எல்லாம் தொழுவத்தில். மெங்கியா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். இதை அவள் சமையலறை மேசையில் எழுதுகிறேன். அடுப்பில் பார்லி சூப்.

வந்த வேகத்தில் பூட்ஸோடு உள்ளே நுழைந்துவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் மரியாத எழுதிக் குடுக்கற ஆளு! என் தரையப் பாரு!" என்றாள். வாசலில் உட்கார்ந்து கழற்றினேன். அவள் கணப்புக்குப் பக்கத்திலிருந்து கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி எடுத்து என் முன்னால் போட்டுவிட்டு, சூப்பைக் கிண்டப் போனாள்.

தனியாக இருக்கிறவள். செருப்பு ஆண்களுடையது. புதுசு.

அளவு சரியாக இருக்கிறது.