மணியம் பாட்டின் மேல் என் ரேடியோவின் பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று பாசாரில், காய்கறி வாங்கும்போது, மணியம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோலா கெத்தில் ஊரில் உறுமி மேளக் குழு வைத்துப் பாடுகிறவர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவருடைய பாட்டை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் என் இணைய ரேடியோவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டு அறையில் பொழுதுபோக்காக நடத்துவதற்கு லைசென்ஸ் எதற்கு என்ற திமிர்தான். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொன்னார்.

“போன் கெட்டுப்போச்சுண்ணே, அந்தப் பாட்டு எங்கிட்ட இல்ல. ஆரம்பத்துல பேசுறது என் சம்சாரம். இப்ப அவ உயிரோட இல்லல்ல. உங்க ரேடியோ பேர் வராம ஒரு காப்பி கொடுங்க லா.”

தேடித் தருகிறேன் என்றேன். தேட ஒன்றுமில்லை. மற்ற ரேடியோக்காரர்கள் திருடிவிடக் கூடாதென்று அந்தப் பேச்சின் மேல்தான் என் ரேடியோவின் பெயரைச் சொல்லிப் பதித்தேன். பெயர் பதிக்காத பழைய பதிவை அன்றே அழித்துவிட்டேன். அனுப்பியவரிடமும் இல்லையாம்.

இப்போது மறுபடியும் போட்டுக் கேட்டேன். நான் கத்தி முடித்த பிறகு, அந்த அம்மா சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும் கேட்கிறது.

“பாடுங்க.”