ரேடியேட்டரில் அப்பிய பஞ்சு

அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. அப்பா பேச்சை மீறி நீ விரும்பியவரைக் கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்லக் கூடாது. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார்.

மூன்று முறை சோப்புப் போட்டும் என் விரல்களில், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டின் இனிப்பு வாசம் போகவில்லை. அந்த வாசம் வந்தாலே உன் ஞாபகம்தான்.

அவிநாசி போகும் வழியில் நம் பழைய காரின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதே, அந்த மத்தியானம். இறங்கியதும் அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“தொடாதீங்கப்பா. கொதிதண்ணி மூஞ்சில அடிச்சுரும். ஆறட்டுங்க.”

“பெரிய மெக்கானிக்கு. பனியன்ல பிசிறு வெட்டறவளுக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்?”

நீ புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தாய். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாய். தண்ணீர் குறையவில்லை. கீழே ஒழுகல் இல்லை. விசிறி சுற்றியது.

“எல்லாஞ் சரியா இருந்துஞ் சூடாகுதுன்னா, காத்துதான் உள்ள போகலீங்க” என்று மண்டியிட்டு, முன்பக்கக் கம்பிகளுக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தாய். நம் பனியன் கம்பெனி எக்ஸாஸ்ட் விசிறி பஞ்சுத் தூசியைத் துப்பும் சுவரோரம்தான் கார் தினமும் நிற்கும். அந்தப் பஞ்சு ரேடியேட்டரில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. நீ அதை உரித்தெடுத்து, “அப்பா, இதுல ஒரு பனியனே தெச்சரலாங்க” என்றதும் அவரே சிரித்துவிட்டார்.

நேற்று மறுபடியும் முள் ஏறியது. இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்ல, நாளைக் காலை காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக அப்பா முடிவு செய்துவிட்டார். நீ ஓட்டிய கார். உன்னுடையதென்று இங்கே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

சாயங்காலம் அப்பா கம்பெனியில் இருந்தபோது, வாசலில் நின்ற காரை நீ பார்த்த வரிசையிலேயே நானும் பார்த்தேன். கூலண்ட் கொஞ்சம் குறைந்திருந்தது, ஊற்றினேன். அப்புறம் அதே பஞ்சு. உரித்தெடுத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். இஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

இதைச் சொன்னால்தான் கார் தப்பும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். அன்று அவர் அத்தனை பேசியும் நீ பதறாமல் ஆறும்வரை காத்திருந்தாயே, எனக்கு இப்போது இருக்கும் தைரியம் அது ஒன்றுதான்.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

“அம்மிணி, காருக்கு முன்னால ஈரப் பஞ்சாக் கெடக்குது. இது உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?”

அக்கா, உன் பெயரைச் சொல்லப் போகிறேன்