எட்டும் ஒன்பதும் ஆன கதை

அன்பு மகள் வூர்யானிக்கு அம்மா முர்சினா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவின் முழங்கால்தான் மழைக்கு மழை முனகுகிறது. கடலுக்கு அப்பால் லாம்புங்கில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். நீ அனுப்பிய காப்பிக்கொட்டை வந்தது, பாதியை உன் அத்தை எடுத்துக்கொண்டு போனாள், கேட்காமலே.

தார்மியை நினைவிருக்கிறதா, உன் கல்யாணத்துக்கு ஊரே வந்து நம் வீட்டில் உலை வைத்தபோது மூன்று நாளும் தலைவலி என்று படுத்துக்கொண்டவள். மூன்றாம் நாள் சாயங்காலம் பச்சைச் சட்டையில் சந்தையில் நின்றாள், நான் பார்த்தேன், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகள் ரெத்னோவதிதான் வேளாண் அலுவலகத்திலிருந்து நம் வயலில் பூச்சி வகுப்பு நடத்த வந்தாள். வாரம் ஒரு காலை, பன்னிரண்டு வாரம். வகுப்பால் பயன் உண்டா என்று பார்க்க, தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்தபின் ஒரு தேர்வு. எழுதுகிற தேர்வு இல்லை. வரப்போரம் பத்து மூங்கில் கழி, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, மூன்று பெட்டி. பெட்டிக்கு ஒரு நூல், நூல் முனையில் உயிரோடு ஒரு பூச்சி. நெல்லுக்கு நல்லது எது என்று கேட்டால் சரியென்று படுகிற பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பனியில் அந்தக் கழிகள் யாருக்கோ காத்து நிற்கிற ஆட்கள் மாதிரி இருந்தன.

முதல் தேர்வைப் பார்க்க மாவட்டத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் ஊருக்குப் பயம், ஒன்றும் தெரியாதவர்கள் என்று காட்டிக்கொள்வதா என்று. கழி நட வந்த ஜீப் டிரைவருக்கு முந்தைய நாள் நான் ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கு பொரித்துக் கொடுத்தேன், பத்து விடையும் வந்துவிட்டது. காலையில் முதல் ஆளாகப் போய்ச் சரியான பெட்டி மேலெல்லாம் ஒரு வைக்கோல் துணுக்கு வைத்தேன், அடையாளத்தை ஊருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஊர் சராசரி பத்துக்கு ஒன்பது.

பிறகு நிஜமாகவே கற்றுக்கொண்டோம். அதனால் கடைசித் தேர்வில் வைக்கோல் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், எல்லாம் தெரியும் என்கிற திமிர். வந்தது எட்டு. மேலதிகாரி குனார்டி தாளைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வாரம் உக்காந்து, இருந்த புத்தியையும் தொலைச்சிட்டீங்களா?" என்றார், விருந்தாளி சொல்கிறாரே என்று எல்லோரும் சிரித்தோம். இனி இங்கே வகுப்பு கிடையாது, ரெத்னோவதி பழையபடி விதைக் கிடங்குக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவள் ஒவ்வொரு கழியாகப் போய் நூலை அவிழ்த்து, நெல்லைக் கெடுக்கும் பூச்சியைத் தின்கிற சிலந்திகளை நெல்லுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது மகளே, தார்மி மகள் தலைகுனிந்ததும் என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போனேன். கதிருக்குக் கதிர் சிலந்தி வலை, வலை முழுக்கப் பனித்துளி, ராத்திரி யாரோ வந்து ஆயிரம் கைக்குட்டை காயப்போட்டுவிட்டுப் போன மாதிரி. எந்த வரப்பில் நிற்கிறேன் என்றே மறந்துபோயிற்று. முந்தின போகமாக இருந்தால் சிலந்தியைக் கண்டதும் மருந்து டப்பாவைத் தூக்கியிருப்பேன். இந்தப் போகம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, உன் அப்பாவுக்கு இருமலும் இல்லை. அங்கிருந்து சேற்றுக் காலோடு ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனேன், குனார்டி அறிக்கையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார். முதல் தேர்வில் நாங்கள் வைக்கோல் வைத்து ஏமாற்றினோம் என்று சொன்னேன். தலைவர் பெண்சாதி, "யக்கா வாய மூடு, ஊர் மானம் போவுது" என்று என் கையைக் கிள்ளினாள். "போவட்டும், நான்தானே கொண்டுபோறேன்" என்றேன். குனார்டி விடவில்லை, "அப்போ ரெண்டாவதுலயும் வைக்கோல் வைக்கலன்னு எப்படிப் பாட்டி நம்பறது?" என்றார். "வெச்சிருந்தா எட்டா வரும்? எனக்கென்ன புத்தியில்லையா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், தொடக்கத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று இனி யார் வந்து சொல்வது என்றார், அது நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், "வாய்க்காலுக்கு அக்கரையில வகுப்பே நடக்கல, அவங்களும் எங்களை மாதிரி ஆளுங்கதான். இப்பவே போய்க் கழிய நடுங்க. கெழங்கு பொரிக்க யாருக்கும் நேரம் குடுக்காதீங்க." டிரைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கரைக்காரர்களுக்கு மூன்று வந்தது. அறிக்கையை மாற்றி எழுதினார்கள், அடுத்த போகம் இரண்டு ஊரிலும் ரெத்னோவதிதான் நடத்துகிறாள். ஊர்த்தலைவர் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகிறார். தார்மி வாசல்வரை வந்து நின்றாள், நான் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கும் அவளுக்கும் உள்ளது, அது அப்படியே இருக்கட்டும், அவள் மகள் நல்ல வாத்தியார்.

கொசுவலையை மடித்து வைக்காமல் தினம் கட்டிப் படுங்கள். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல், போட்டது விளைந்து, நீண்டகாலம் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கமும் இந்த வகுப்பு வருமாம், ரெத்னோவதி சொன்னாள். வந்தால் முதல் நாளே தெரியாததைத் தெரியாது என்றே போடு மகளே, அந்த வெட்கம் ஒரு காலைப் பொழுதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
முர்சினா