எட்டு மணி நேரம் எப்படி வந்தது

அன்புள்ள மூத்தவளுக்கு,

உன் தம்பி எனக்குத் துரோகம் செய்துவிட்டான். குடியுரிமைத் தேர்வில் நான் சொன்ன பதிலை விழுங்கிவிட்டு, தன் பதிலைச் சொல்லி என்னைத் தேற வைத்துவிட்டான்.

வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்க்க இவன். சொன்னதை மாற்றாமல் சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். இந்த நாட்டு வரலாறு பாதி, விட்டு வந்த நாட்டு வரலாறு பாதி. மன்னராட்சி, வாக்குரிமை, அடிமை ஒழிப்பு எல்லாம் தடுமாறாமல் சொன்னேன். கடைசியாக, எட்டு மணி நேர வேலை இரண்டு நாட்டிலும் எப்படி வந்தது என்று கேட்டார். நாடாளுமன்றம் வழங்கியது என்று பாடப்புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும்.

"யாரும் வழங்கல. தொழிலாளிங்க மில்லுக்குள்ள கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்தாங்க. அப்புறம்தான் சட்டம் வந்துச்சு. எங்க ஊர்லயும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் அதுலதான் போனாரு" என்றேன்.

இவன் ஒரே வரியில் முடித்தான். அதில் நாடாளுமன்றம் இருந்தது, உன் அப்பா இல்லை. அதிகாரி சிரித்தபடி மதிப்பெண் போட்டார். இந்த நாட்டு மொழி நூலகத்தில் உட்கார்ந்து நானே கற்றது. பேச வராது, கேட்டால் புரியும். அது இவனுக்கு அதுவரை தெரியாது.

ஏன் மாற்றினாய் என்று பேருந்தில் கேட்டேன். "பரீட்சைல போய் நியாயம் பேசாதம்மா. தோத்தா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நான் குழம்பு வைத்தால் அவன் ரொட்டி வாங்கி வருகிறான். அப்பாவைத் தூக்கி வந்ததைப் பார்த்த பிள்ளை. அவன் பயம் எனக்குப் புரிகிறது. மன்னிக்கத்தான் வரவில்லை.

பதில்கள் என்னுடையவை என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். போட மாட்டேன்.

இனி நடக்க வேண்டியவை. உன் தம்பி என்னோடு வந்து, மாற்றிச் சொன்னதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரி வேறு ஆளை வைத்து அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனுக்குப் போன் போட்டு, திட்டாமல் பேச வேண்டும். எனக்கு அது வராது. என்னைத் திருப்பி அனுப்பினால் ஊரில் உங்கள் வீட்டுப் பின்னறையை மாப்பிள்ளை ஒழித்துத் தர வேண்டும்.

ஒப்புக்கொண்டதற்காக இவன் வேலைக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை யார் செய்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா