கரைமேல் வண்டி வருகிறது

என் ஆசை அண்ணனுக்கு,

நாளைக் காலையில் நம் வாய்க்கால் கரைமேல் ஒரு ஜீப் வரப்போகிறது. நீ போன பிறகு அந்தக் கரைமேல் எத்தனையோ வண்டிகள் வந்து போய்விட்டன. எதற்கும் நான் உனக்கு எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜீப்பில் வருகிறவள் என் மகள் செல்வி. செல்வராசு என்ற உன் பெயரில் பாதியை எடுத்துத்தான் அவளுக்கு வைத்தேன். பெயரோடு உன் பிடிவாதமும் சேர்ந்து வந்துவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். நான் பால்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பாள். கடைசியில் அதையே படித்துவிட்டாள். பூமிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற படிப்பு. இப்போது எரிவாயு எடுக்க வந்திருக்கும் கம்பெனியில் வேலை. எங்கே துளை போடலாம் என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. முதலில் பார்க்கச் சொல்லியிருப்பது நம் ஊரை.

ஊர் கூடாது என்கிறது. வரப்பு முழுக்கக் கறுப்புக் கொடி நட்டிருக்கிறோம். ஆமாம், நட்டிருக்கிறோம் என்றுதான் எழுதினேன். முதல் கொடிக்குக் குழி தோண்டியவர்களில் நானும் ஒருத்தி. சிரிக்காதே அண்ணே.

கொடிகூட என்னைப் பயமுறுத்தவில்லை. நேற்று டீக்கடைப் பக்கம் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒங்க பொண்ணு கரை வழியாத்தான் வருதாக்கும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மௌனத்தை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? ஆட்சி மாறிய புதிது. சுவரெல்லாம் சூரியன் வரைந்திருந்தார்கள். இனி எல்லாருக்கும் நல்ல காலம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நம் தெரு மொத்தமும் பண்ணையாரோடு மல்லுக்கு நின்றது. அவர் டிராக்டர் வாங்கிவிட்டார். ஆள் வராவிட்டால் போகட்டும், மெஷின் உழும் என்றார். அதை ஓட்ட அவர் தேடிப்பிடித்தது நம் தெருப் பையனை, உன்னை.

நீ கீழ்வேளூர் ரோட்டில் டிராக்டரைப் பார்த்த நாளிலிருந்தே பைத்தியமாகத் திரிந்தாய். நாகப்பட்டினத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சும்மா எடுபிடி வேலை செய்து கற்றுக்கொண்டாய். சோற்றுத் தட்டைத் திருப்பித் திருப்பி ஸ்டீரிங் பிடித்துக் காட்டுவாய். அம்மா கரண்டியால் ஒன்று வைப்பாள். பண்ணையார் உன்னை எதற்குக் கூப்பிட்டார் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"அவரு எதுக்குக் குடுத்தா எனக்கென்ன அஞ்சல? ஓட்டுறது நானு."

சித்திரையில் நல்லேர் பூட்டிய நாள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வருஷத்தின் முதல் உழவு அது. பண்ணையின் முதல் ஏர் அப்பாவுடையது. அது முன்னால் போக, மற்ற ஏர்கள் வரிசையாகப் பின்னால் போகும். முதல் ஏரை யாரும் முந்தமாட்டார்கள். கூலிச் சண்டை நடந்தபோதும் நல்லேரை நிறுத்தக்கூடாது என்று அப்பா ஆட்களை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மாட்டுக் கொம்புக்கெல்லாம் மஞ்சள் தடவியிருந்தது. பண்ணையார் கையைக் காட்டினார். நீ வண்டியைக் கிளப்பி அப்பாவின் ஏரைத் தாண்டிப் போய்விட்டாய்.

உன் முகத்தை நான் பார்த்தேன் அண்ணே. அப்பாவை அவமானப்படுத்த நீ போகவில்லை. இன்ஜின் சத்தத்தைத் தவிர உனக்கு எதுவும் கேட்டிருக்காது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்பா அங்கேயே மாட்டை அவிழ்த்தார். நீ இறங்கி வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். "முன்னால போயிட்ட. இனிமே ஒனக்கு முன்னால வர ஆளில்லடா."

திட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று ஆவணி மாதம் சம்பா உழவு தொடங்கும்போதுதான் தெரிந்தது. வாய்க்கால் கரை நம் ஊரில் எப்போதும் நம்பக்கூடாதது. உள்ளே நண்டு வளையும் எலி வளையும் ஓடும். மேலே புல் மூடியிருக்கும். அதனால் பாரவண்டி கரைமேல் போனால் ஒரு ஆள் கம்போடு முன்னால் நடந்து, மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போவான். கூலி கேட்டுச் செய்கிற வேலையல்ல அது. யார் வண்டி என்றாலும் யாராவது வருவார்கள். உனக்கு யாரும் வரவில்லை.

அன்று காலை நீ அப்பாவிடம் கேட்டாய். "கரைமேல வண்டி போவணும். செத்த முன்னால வாங்கப்பா." அவர் பழையசோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வருகிறேன் என்றேன். பொட்டப்புள்ள முன்னால் நடந்தால் ஊர் சிரிக்கும் என்று நீதான் என்னைத் தடுத்தாய்.

மதகுக்குப் பக்கத்தில் கரை உள்வாங்கியது. டிராக்டர் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. நீ அதற்கு அடியில். தண்ணீர் அன்று நிறையப் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடம் மண்வெட்டியால் வெட்டினதுபோல் நேராக இருந்தது என்று சிலர் மெல்லச் சொன்னார்கள். போலீஸ் வந்து கேட்டபோது அப்பா, "நண்டு வளைங்க" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா உண்மையைச் சொன்னாரா, தெருவைக் காப்பாற்றினாரா? உன்னை எடுத்துக்கொண்டுபோன பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் சாகும்வரை தினம் விடியற்காலையில் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு போவார். வண்டி எதுவும் வராத அந்த நேரத்தில் கரையைக் குத்திக்கொண்டே மதகுவரை நடந்துவிட்டுத் திரும்புவார்.

செல்விக்கு இதெல்லாம் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது நான் கத்தினேன், அழுதேன், சோறு போடமாட்டேன் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "மாமா ஆசப்பட்டதுல தப்பில்லன்னு நீதானம்மா சொல்லி வளத்த. எனக்கு மட்டும் எப்படித் தப்பாவும்?" என்றாள். சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். உன்னிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

உனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிகிறது. என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இந்த வயதில், கொடிக் கம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நம் ஊர் வயலில் துளை விழக்கூடாது. என் பிள்ளை வாய்க்காலில் விழக்கூடாது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இன்று மத்தியானம் கரைப் பக்கம் போய் வந்தேன். நேற்றுப் பெய்த மழையில் மண் ஊறிக் கிடக்கிறது. மதகுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் புல்லைப் பிடுங்கி, திரும்ப வைத்து மூடியிருக்கிறது. மாடு மேய்ந்ததாக இருக்கலாம். நண்டாகவும் இருக்கலாம். ஊர்க்காரர்களிடம் கேட்டேன்; யாருக்கும் தெரியவில்லை. கரை வழியாக வராதே என்று செல்விக்குப் போன் செய்தேன். வேறு வழி இல்லையே அம்மா என்கிறாள்.

அப்பாவின் கம்பு என்னிடம்தான் இருக்கிறது. நாளை அவள் ஜீப் கரை ஏறும்போது, ஊர் பார்க்க அதற்கு முன்னால் நான் நடப்பேன். மதகுவரை ஒவ்வொரு அடியும் குத்திப் பார்த்து அவளைக் கூட்டிவருவேன். நம் ஊர் வயலுக்கு வந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கொடியைப் பிடித்து அவள் வண்டியை மறிப்பேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்று உனக்கு முன்னால் நடக்க வந்த
உன் தங்கச்சி,
அஞ்சலை